செயலாளர் ஆண்டறிக்கை: அந்த ஸ்பான்சர் பணத்தை ஏன் வேணாம்னோம்

தலைவர் ஐயாவுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லிடறேன். மாசக் கூட்டம் 11 நடந்துச்சு, ஒண்ணு மழையில நின்னுபோச்சு. ரெண்டு அரசுப் பள்ளியில இன்ஸ்டால் கேம்ப் போட்டோம், லேப்ல தூங்கிட்டிருந்த பழைய மெஷின்ல எல்லாம் இப்ப விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ் ஓடுது, டீச்சர்களே அப்டேட் போட்டுக்கறாங்க. சந்தா பாக்கி இருக்கிறவங்க இன்னிக்கே பொருளாளர்கிட்ட குடுத்துடுங்க.

மீதி எல்லாம் அந்த மாநாட்டைப் பத்தித்தான். அரசு ஊழியர்களுக்குன்னே ஒருநாள் ஓப்பன் சோர்ஸ் மாநாடு, அதாவது சோர்ஸ் கோடை யாரு வேணா பார்த்து மாத்திக்கற மென்பொருளைப் பத்தி, வெக்கறோம்னு நோட்டீஸ் போட்ட மூணாவது நாள், கோடைக் காட்டாம லைசென்ஸுக்குக் காசு வாங்கற ஒரு பெரிய தனியுரிம மென்பொருள் கம்பெனியோட ஏரியா ஆளு போன் பண்ணி மண்டப வாடகை, சாப்பாடு, பேனர் மொத்தமும் நாங்க பாத்துக்கறோம், எங்களுக்கு காலையில முதல் பேச்சும் வாசல்ல ஒரு ஸ்டாலும் குடுங்க போதும்னாரு. நம்ம கையில இருந்த பணம் மண்டபத்துக்கே பத்தாதுங்கறது உங்களுக்கே தெரியும், அதனால செயற்குழுவுல ராத்திரி 11 மணி வரைக்கும் வாக்குவாதம்.

தலைவர் ஐயா அந்த மாதிரி கம்பெனியை வாசல் பக்கமே சேர்க்கக் கூடாதுன்னாரு. 2001ல மைக்ரோசாஃப்ட் சி.இ.ஓ.வா இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸை கேன்சர்னு சொன்னதை அவரு இன்னும் மறக்கல. பாலிடெக்னிக் தம்பி ஒருத்தன் எழுந்து, அண்ணே நம்ம கோடு எல்லாம் கிட்ஹப்ங்கற சைட்லதான இருக்கு, அது 2018ல இருந்து மைக்ரோசாஃப்டோடதுதான, 2009லயே லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்கு கோடு குடுத்தாங்க, 2016ல லினக்ஸை வளர்க்கற லினக்ஸ் ஃபவுண்டேஷன்லயே சேர்ந்துட்டாங்க, நாம மட்டும் ஏன் இன்னும் முறைச்சுக்கிட்டு நிக்கறோம்னு கேட்டான். நியாயமான கேள்வி. டெவலப்பர்களுக்கு நடத்தற கூட்டமா இருந்தா நானும் அவன் பக்கம்தான் நின்னிருப்பேன், அங்க வர்றவன் கோடைப் பார்த்து எது சரக்கு எது விளம்பரம்னு அவனே முடிவு பண்ணிடுவான்.

அரசு ஊழியர் விஷயம் வேற. ஒரு சூப்பிரண்டெண்ட் காலையில 10 மணிக்கு மேடையில கேட்டதை ஆபீசுக்குப் போய் கோப்புல எழுதுவாரு, அது டெண்டர் ஸ்பெக்ல போய் உக்காரும், அதுல ஒரு பிராண்டு பேரு நுழைஞ்சா அப்புறம் பல வருஷத்துக்கு லைசென்ஸ் புதுப்பிச்சுட்டே இருக்கணும், அந்தக் காசு நம்ம எல்லாரோடதும்தான். மத்திய அரசோட 2015 கொள்கை என்ன சொல்லுது, டெண்டர்ல ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை குடுக்கணும், வேணாம்னா ஏன்னு காரணம் எழுதணும்னு சொல்லுது. இந்த ஒரு வரியை அரசு ஊழியர்கள்கிட்ட சொல்றதுக்கு நமக்குக் கிடைக்கறது வருஷத்துல ஒரே ஒரு நாள், அந்தக் கம்பெனிக்கோ எல்லா நாளும் ஆபீஸ் கதவு திறந்துதான் கிடக்கு. அந்த ஒரு நாளையும் அவங்களுக்கே வாடகைக்கு விடணுமான்னுதான் நான் கேட்டேன்.

ஒரு ஆளை மட்டும் நம்பி நின்னா என்ன ஆகும்னும் பார்த்திருக்கோம். ஜெர்மனியில முனிக் நகராட்சி 2003ல லினக்ஸுக்குப் போக முடிவு எடுத்தப்ப பால்மரே நேர்ல வந்து மேயரைப் பார்த்தாரு. மேயர் அசையல, 2013க்குள்ள ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டரை மாத்திட்டாங்க. அப்புறம் மேயர் மாறினாரு, 2017ல மறுபடி விண்டோஸுக்கே போறோம்னு தீர்மானம் போட்டாங்க. பத்து வருஷ உழைப்பு அது, படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. நம்ம ஊர்லயும் தமிழ்நாடு அரசோட மின்னணு நிறுவனமான எல்காட்ல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தப்ப சூசேங்கற லினக்ஸ் வகையை எவ்வளவு தூரம் கொண்டு போனாரு, அவரு மாறிப் போனப்புறம் அந்த வேகம் எங்க போச்சு? 2011 இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ்ங்கற லினக்ஸும் இருந்துச்சு, மத்திய அரசோட கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கோட சென்னை மையம் பண்ணது. கூட உக்காந்து சொல்லிக் குடுக்க ஆளு இல்ல, ஆன் பண்ணும்போது லினக்ஸுக்குப் போற அந்த ரெண்டாவது மெனுவை என் அக்கா பையனே தொட்டதில்ல.

கடைசியில பணம் வேணாம், ஸ்டால் கிடையாது, டெலிகேட்டா எல்லாரையும் போல கட்டணம் கட்டிட்டு யாரு வேணா வரலாம்னு பதில் போட்டோம். கம்பெனி வரல. அங்க வேலை பார்க்கற ஒரு இன்ஜினியர் லீவு போட்டுட்டு தனியா வந்தாரு.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்ததை இங்க பதிவு பண்ணியே ஆகணும். ஒரு தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா கைக்குட்டையில சுத்தி ஒரு பென்டிரைவ் கொண்டு வந்தாங்க, 2004ல இருந்து அடிச்ச கடிதங்க. காசு குடுத்து வாங்குன ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்ல அடிச்சது, அது வேலை செய்ய கம்ப்யூட்டர்ல செருகற டாங்கிள் எப்பவோ தொலைஞ்சுபோச்சு, வித்தவங்க போனை எடுக்கறதில்ல. திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் தலையில புள்ளி வெச்ச எழுத்துமா ஒரு பக்கம் முழுக்கக் குப்பை. நம்ம பசங்க பைத்தான் நிரல் மொழியில ஓப்பன்-தமிழ் லைப்ரரியை வெச்சு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் படிக்க முடியற யூனிகோடுக்கு மாத்த உக்காந்தாங்க. முதல்ல கொம்பு எல்லாம் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு முன்னாடி தனியா நின்னுச்சு, ஏன்னா பழைய ஃபான்ட்ல கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே அடிச்சு வெச்சிருப்பாங்க. அந்த லீவு போட்ட இன்ஜினியரும் பக்கத்துல உக்காந்து வரி வரியா சரி பார்த்தாரு. ஒரு மணி நேரம் கழிச்சு ஓப்பன் சோர்ஸ் ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸ்ல "பொருள்", "பார்வை"ன்னு ரெண்டு தலைப்பும் தெளிவா வந்துச்சு, அக்கா ஸ்க்ரீன் மேல விரலை வெச்சு, இது நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அடிச்சதுன்னாங்க. காலையில இருந்து நடந்த எந்தப் பேச்சுக்கும் கிடைக்காத கைத்தட்டல் அதுக்குக் கிடைச்சுது.

செலவுல விழுந்த துண்டை எட்டு உறுப்பினர்கள் கைக்காசு போட்டு அடைச்சாங்க, அவங்களுக்கு சங்கத்தோட நன்றி. கணக்கை பொருளாளர் படிப்பாரு.

இனி தீர்மானம். அரசுக்காக நாம நடத்தற மாநாட்டுல தனியுரிம மென்பொருள் கம்பெனி ஆளுங்க பார்வையாளரா வரலாம், கேள்வி கேக்கலாம், சோர்ஸ் கோடையும் லைசென்சையும் அன்னிக்கே கையில குடுக்கற மாதிரி ஏதாவது இருந்தா மேடையேறியும் பேசலாம், ஆனா ஸ்பான்சர் பணம், ஸ்டால், முதல் பேச்சு மூணும் கிடையாது. தலைவர் ஐயா இதுவே ரொம்பத் தாராளம்ங்கறாரு, தம்பிங்க ஸ்டாலாவது குடுக்கலாம்ங்கறாங்க, ரெண்டு திருத்தமும் எழுத்துல வந்திருக்கு. முதல்ல திருத்தத்துக்கு ஓட்டு, அப்புறம் தீர்மானத்துக்கு. கையை நல்லா மேல தூக்குங்க, போன வருஷம் ரெண்டு தடவை எண்ண வேண்டியதாப் போச்சு.