ஓல்டு ஃபேஷன்டு கலக்கும் முறை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள்.

ஓல்டு ஃபேஷன்டு என்ற விஸ்கி காக்டெய்லை எப்படிக் கலக்குவது என்று கேட்டிருந்தாய். அடி தடித்த கிளாஸில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டு, அதன்மேல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரத்தை இரண்டு மூன்று முறை உதறு. ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு, நன்றாகக் கரையும்வரை நசுக்கு. இந்தத் தண்ணீரைத் தவிர்க்காதே. ஆல்கஹாலில் சர்க்கரை சரியாகக் கரையாது. முதலிலேயே விஸ்கியை ஊற்றினால் சர்க்கரை அடியில் மணலாகத் தங்கி, கடைசி வாய் மட்டும் தித்திக்கும்.

அப்புறம் 60 மி.லி. விஸ்கி. அமெரிக்க விஸ்கியான போர்பனில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் என்பதால் இனிப்புச் சாயல் இருக்கும். ரை என்ற தானியத்தில் செய்யும் ரை விஸ்கி சற்றுக் காரமானது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஐஸ் பெரிய ஒரே கட்டியாக இருக்கட்டும். சின்னச் சின்னத் துண்டுகள் சீக்கிரம் உருகி மதுவை நீர்க்கவைத்துவிடும். குலுக்க வேண்டாம், அரை நிமிடம் நிதானமாகக் கலக்கினால் போதும். கடைசியாக ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. வெளித்தோல் மதுவைப் பார்த்திருக்கும்படி கிளாஸுக்கு மேலே பிடித்து அழுத்து. தோலில் இருக்கும் எண்ணெய் தெறித்து மேலே படியும், வாசனையே மாறிவிடும்!

1806-இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் சேர்ந்ததுதான் காக்டெய்ல் என்று எழுதியது. இன்றைக்கும் இதற்கு அந்த நான்கே போதும். செர்ரியையும் ஆரஞ்சுச் சுளையையும் போட்டு நசுக்குகிறார்களே, அது எனக்கு ஒப்பவில்லை. விஸ்கியின் ருசி பழரசத்தில் அமுங்கிப்போகிறது.

பிட்டர்ஸ் கதை உனக்குப் பிடிக்கும். சீகெர்ட் என்ற ஜெர்மானிய டாக்டர், தென் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பொலிவாரின் படையில் மருத்துவராக இருந்தவர். வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் 1824-இல் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகத்தான் இதைத் தயாரித்தார். இப்போது டிரினிடாடில் தயாராகிறது.

வலி மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதே. அவர் சரி என்றால் அடுத்த மாதமே கிளம்பி வா. ரை பாட்டில் ஒன்று திறக்காமல் வைத்திருக்கிறேன். எந்தத் தேதி தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்