செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்துள்ள சேகோ (ஜவ்வரிசி), ஸ்டார்ச் ஆலை உரிமையாளர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை தபாலில் போய்ச் சேரும் என்பதால் அவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது; இரண்டு முறை கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் டீயோடு கலைந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. மறைந்த இரு மூத்த உறுப்பினர்களுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. மரவள்ளிக் கிழங்கின் பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) விலை குறித்து விவசாயிகளோடு இருமுறை பேசினோம். அதன் முடிவு எல்லோருக்கும் தெரியும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி அடித்த பேனர் இன்னும் அலுவலக மூலையில் சுருட்டிக் கிடக்கிறது. மாட்ட இடம் தருவதாகச் சொன்ன உறுப்பினர் நினைவில் கொள்ளவும்.

இனி, ஆலையின் இரண்டு வகைக் கழிவுநீரைப் பிரித்துவிடும் தனி வாய்க்கால் திட்டம். "செயலாளருக்கு இதைவிட்டால் வேறு பேச்சே இல்லை" என்று ஒரு பேச்சு உலவுகிறது. உண்மைதான். ஏன் என்பதை எழுத்தில் வைத்துவிடுவது நல்லது.

நாளுக்கு 20 டன் பச்சைக் கிழங்கு அரைக்கும் ஆலையில் ஏறக்குறைய 4 டன் ஜவ்வரிசி இறங்கும். ஜவ்வரிசி டன்னுக்கு 20,000 முதல் 30,000 லிட்டர் தண்ணீர் என்பது நம் தொழிலின் பழைய கணக்கு. அப்படியானால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் வெளியே போகிறது. இது ஒரே தண்ணீர் அல்ல, இரண்டு தண்ணீர். கிழங்கு கழுவிய தண்ணீரில் மண்ணும் தோலும் இருக்கும், சர்க்கரையும் மாவும் குறைவு. மாவுத் தொட்டியில் பால் (மாவு கரைந்த தண்ணீர்) படிந்தபின் மேலே தெளிந்து வடியும் தண்ணீரில் மண் இருக்காது. மாவுத் துகள், சர்க்கரை, கிழங்கின் சயனைடு எல்லாம் அதில்தான். முதலாவதற்கு மண் படிய ஒரு குழி போதும். இரண்டாவதுதான் ஓடையைப் புளிக்க வைப்பது. காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் எரிக்கக்கூடிய காஸ் கொடுப்பதும் அதுவே. நம் ஆலைகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே சாக்கடையில் விழுகின்றன. மண் கலந்ததால் காஸ் தொட்டியின் அடி மூன்று சீசனில் அடைகிறது. மாவுத் தண்ணீர் கலந்ததால் மண்குழி நாறுகிறது. இரண்டும் கெடுகின்றன. காஸ் பிளான்ட் போட்டும் பலனில்லை என்று சொன்ன ஆறு ஆலைகளைப் போய்ப் பார்த்தோம். ஐந்தில் கோளாறு பிளான்டில் இல்லை, வாய்க்காலில்தான்.

வேலை பெரிதல்ல. கழுவும் டிரம்மிலிருந்து திறந்த வாய்க்கால், நூறடிக்கு ஓரடி சரிவு. வழியில் தோலைத் தடுக்க ஒரு கம்பிவலை, அதன்பின் மூன்று அறை கொண்ட மண்குழி. மாவுத் தொட்டியிலிருந்து 160 மி.மீ. பிவிசி குழாய், மூடிய வழி, நேரே ஒரு கூடுதல் படிவுத் தொட்டிக்கு. அங்கே இரண்டு மணி நேரம் நின்றால் தப்பி வந்த மாவு அடியில் தங்கும். இரண்டாந்தர மாவுதான், ஆனாலும் காசு. ஓடைக்குப் போனால் அதுவே குற்றம். கடைசிக் கழுவலில் வந்த தண்ணீரை முதல் கழுவலுக்குத் திருப்பிவிட்டால் போர்வெல் மோட்டார் ஓடும் நேரம் குறையும். மாவுத் தண்ணீரை மட்டும் ராஸ்பருக்கு (கிழங்கைத் துருவி அரைக்கும் இயந்திரத்துக்கு) திருப்ப வேண்டாம். புளிப்பு ஏறி, பால் படியாமல், மாவு பழுப்படிக்கும். தண்ணீரை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி இதைச் செய்த ஒரு ஆலையில் இரண்டு நாள் சரக்கு நிறம் போய்விட்டது.

ராஸ்பர் பிளேடையும் சொல்ல வேண்டும். பல் மழுங்கிய பிளேடில் அரைத்தால் மாவு திப்பியோடு (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையோடு) போகும். காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுதான் என்பது ஆய்வுக்கூடத்தார் சொல்லும் கணக்கு. பிளேடு மாற்றும் செலவை மிச்சம் பிடிப்பவர், மாவை மாட்டுத்தீவன விலைக்கு விற்கிறார். ஈரத் திப்பியைக் குவித்து வைத்தால் இரண்டே நாளில் புளித்துச் சாறு வடியும். அந்தச் சாறும் வாய்க்காலுக்குத்தான் வரும். களத்தில் மெல்லிசாகப் பரப்ப இடமில்லாதவர்கள் திருகுப் பிழிவான் போடலாம். தோலைப் பச்சையாக ஆட்டுக்குப் போடவே கூடாது. வெயிலில் நன்றாகக் காய்ந்தபின்தான்.

காஸ் கணக்குக்கு வருகிறேன். பிரித்தபின் மாவுத் தண்ணீர் 80,000 லிட்டர், சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 480 கிலோ சிஓடி. தொட்டி அதில் 80 சதவீதத்தைத் தின்றால் 384 கிலோ. கிலோவுக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் வீதம் 134 கன மீட்டர். காஸில் மீத்தேன் 60 சதவீதம் என்பதால் காஸாகப் பார்த்தால் 220-க்கு மேல். கசிவு, தண்ணீரில் கரைவது போக 200 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரில் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் என்றால் நாளுக்கு 300 யூனிட். வறுக்கும் அடுப்புக்கு விட்டால் அந்த அளவுக்கு விறகு மிச்சம். அதே தண்ணீரைத் திறந்த குட்டையில் தேக்கினால் அதே மீத்தேன்தான் வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடாக்கக் கூடியது அது. நாற்றம் வந்தால் மட்டும் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். மீத்தேனுக்கு நாற்றமில்லை, அதனால் யாரும் கேட்பதில்லை.

தொட்டி தொடங்கும்போது அவசரப்படுவதுதான் முதல் தவறு. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு சாணக் கரைசல், நாரும் வைக்கோலும் வடிகட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் பிளான்டின் சேறு கிடைத்தால் இன்னும் நல்லது. பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் விடாமல் வைத்திருந்து, பிறகு நாள் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு. வாரம் ஒரு படி ஏற்றலாம். வெளியே வரும் தண்ணீரின் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) 6.8-க்குக் கீழ் இறங்கினால் ஏற்றுவதை நிறுத்துங்கள். 6.5-க்குக் கீழ் போனால் உள்ளே விடுவதையே நிறுத்தி, வெளியே வரும் தண்ணீரையே திரும்பத் தொட்டிக்குள் சுற்றி விடுங்கள். நம் தண்ணீர் பிஎச் 4, 5 என்று புளித்தே வருவதால் சுண்ணாம்பு தேவைப்படும். அதைத் தனித் தொட்டியில் கரைத்து, கசடு படியவிட்டு, தெளிந்ததை மட்டும் சேர்க்க வேண்டும். மூட்டையை நேரே கொட்டிய இடத்தில், நுண்ணுயிர் ஒட்டி வளரத் தொட்டிக்குள் போட்டிருந்த பிளாஸ்டிக் வளையங்கள் மேல் சுண்ணாம்புப் பாறை கட்டி, தண்ணீர் ஏறும் வழியே அடைபட்டது. உடைத்தெடுக்க உளி வேண்டியிருந்தது.

கிழங்குத் தண்ணீரில் நைட்ரஜன் குறைவு. கொஞ்சம் யூரியாவும் டிஏபியும் இல்லாமல் நுண்ணுயிர் பெருகாது. மேற்சொன்ன அளவுக்கு யூரியா நாளுக்கு 15 கிலோவைத் தாண்ட வேண்டியதே இல்லை. தாண்டினால் அம்மோனியா நெடி வரும்.

அடுத்ததைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மாவை வெளுக்க வைக்க ஹைப்போகுளோரைட் ஊற்றும் பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி பார்ப்பது ஒருபுறம் இருக்கட்டும். குளோரின் போகுமிடமெல்லாம் கிருமியைக் கொல்வது. காஸ் தொட்டியில் இருப்பதும் கிருமிதான். திங்கட்கிழமை வெளுத்தால் வியாழக்கிழமை அடுப்பில் சுடர் சுருங்கும். "பிளான்ட் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று அலுவலகத்துக்கு வந்த ஒரு புகார் இப்படித்தான் முடிந்தது. நல்ல பிளேடு, சுத்தமான தண்ணீர், வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்த கிழங்கு இருந்தால் மாவு தானாகவே வெள்ளையாக வரும்.

பொங்கலுக்கு நான்கு நாள் மூடிவிட்டு, திறந்த அன்றே முழு அளவு விட்டவர்கள் மூவர். மூன்று தொட்டியும் புளித்தன. சீசன் முடிந்து மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சேறு சாகாது. காயாமல் தண்ணீர் நிற்க வேண்டும், திரும்பத் தொடங்கும்போது படிப்படியாக விட வேண்டும், அவ்வளவே. கோடையில், காஸைத் தடுத்து நிறுத்தும் நீர்ப்பூட்டில் தண்ணீர் ஆவியாகி காஸ் கசிவதைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றினால் போதும். அழுகிய முட்டை நெடி வருவது ஹைட்ரஜன் சல்பைடு. துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய பீப்பாய் வழியே விடாவிட்டால் என்ஜின் பேரிங் ஒரே சீசனில் போகும். நெடி திடீரென்று நின்றுவிட்டால் காஸ் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள்.

தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீர் தெளிந்து தெரிந்தாலும் அப்படியே விடத் தகுந்ததல்ல. பாசனத்துக்கு விட பிஓடி (நுண்ணுயிர் கழிவைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள், ஓடையில் விட 30-க்குள், பிஎச் 5.5 முதல் 9 வரை. அதற்குக் காற்றூட்டும் தொட்டி வேண்டும். வசிஷ்ட நதிக் கரையில் தொழில் நடத்துகிற நாம் இந்த எண்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் மட்டும் வைத்திருந்தால் போதாது.

இந்தத் திட்டத்துக்காகத்தான் சங்கத்தில் ஒரு பிஎச் மீட்டர், சிஓடி பார்க்கும் கருவி, படிவு பார்க்கும் கண்ணாடிக் கூம்பு ஆகியவை வாங்கப்பட்டன. வாரம் செவ்வாய்க்கிழமை மாதிரி கொண்டுவந்தால் வியாழனன்று முடிவு. வெளியே கொடுத்தால் ஆகும் செலவில் கால்பங்கு. 46 உறுப்பினர்களில் வாய்க்காலைப் பிரித்தவர்கள் 17 பேர். மாதிரி தொடர்ந்து அனுப்புபவர்கள் 11 பேர். பிரிக்காமலே மாதிரி அனுப்புபவர்கள் நால்வர்; அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரே பதில்தான் தருகிறோம். குடிதண்ணீர் பாட்டிலில் போர்வெல் தண்ணீரை நிரப்பி "இது எங்கள் கழிவுநீர்" என்று கொடுத்தனுப்பியவர் யார் என்பதும் அலுவலகத்துக்குத் தெரியும். பெயரைப் பதிவு செய்யவில்லை.

90 கிலோ மூட்டைக்கு ஒரு ரூபாய் திட்ட நிதி என்று சென்ற பொதுக்குழுவில் கைதூக்கித் தீர்மானம் போட்டோம். கை தூக்காதவர் ஒருவரும் இல்லை. தந்தவர்கள் 19 பேர். ஆண்டுச் சந்தாவே மூன்றாண்டாக நிலுவை வைத்திருப்பவர்கள் எட்டுப் பேர். இசைவாணை புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் "சங்கம் என்ன செய்கிறது" என்று முதலில் போன் செய்வதும் இவர்களே. கேள்வி நியாயமானதுதான், பதில் மேலே மூன்று பக்கத்துக்கு இருக்கிறது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம், இடைவெளியை வைப்பு நிதி வட்டியும் இரு உறுப்பினர்களின் கைமாற்றும் சரிக்கட்டின. தணிக்கையாளர் கேட்ட இரண்டு ரசீதுகள் தேடப்படுகின்றன.

பொறுமையோடு வழிநடத்திய தலைவருக்கும், செவ்வாய் தவறாமல் வந்த ஆய்வுக்கூட உதவியாளருக்கும், மண்குழி அமைத்துக் காட்ட இடம் தந்த உறுப்பினருக்கும், மின்விசிறி அன்பளித்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு மூன்று வேலை மீதி. பிரிக்காத 29 ஆலைகளின் வாய்க்கால் வரைபடம் போட வேண்டும். காஸ் தொட்டி உள்ளவர்களின் சேற்றைத் தொடங்குபவர்களுக்குப் பகிர்ந்தளிக்க ஒரு டேங்கர் ஏற்பாடு வேண்டும். சிஓடி சோதனையில் மிஞ்சும் குரோமிய, பாதரசக் கழிவை வாய்க்காலில் கொட்டாமல் முறையாக ஒப்படைக்க வேண்டும். அது இப்போது இரண்டு கேனில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புபவர்கள் இன்றே பெயர் தரலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. பொறுப்பேற்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஆய்வுக்கூட அலமாரி. சோதனைக்கு வேண்டிய சில்வர் சல்பேட் வெள்ளி விலையோடு ஏறுகிறது. குப்பியில் மிஞ்சியிருப்பது இருபது மாதிரிக்குக்கூடக் காணாது. ஆவணியில் கிழங்கு வரத்து தொடங்கிவிடும். திட்ட நிதிப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. அலுவலக உதவியாளர் ஐந்து மணி வரை இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்