ஆறு இருந்த இடம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. தக்கலையில் நானும் உன் அம்மையும் நலம். அங்கு நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். நீ அனுப்பிய பூங்காப் படங்கள் கிடைத்தன. கைப்பேசியில் எழுத்தைத் தட்டித் தட்டிப் பதில் எழுதும் பொறுமை எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகையால் தாளிலேயே எழுதி, பெரியம்மை வீட்டுப் பையனைக் கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா மகளுக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மற்றபடி ஊரில் புதிதாக ஒன்றுமில்லை.

ஃபுளோரிடாவில் இருக்கும் டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டத்தில் அந்த ஆற்றையும் தீவையும் எடுத்துவிட்டு, பேசும் கார்களுக்கு ஒரு மலைநாடு கட்டுகிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. நாங்கள் வந்திருந்தபோது அந்த நீராவிப் படகின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, இவ்வளவு பெரிய படகு வளைவில் இத்தனை சீராகத் திரும்புகிறதே, சுக்கான் பிடிப்பவன் பெரிய கெட்டிக்காரன்தான் என்று நான் வியந்தேன். நீ சிரித்துவிட்டு, தண்ணீருக்கு அடியில் தண்டவாளம் இருக்கிறது, படகு அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது என்று சொன்னாய். நீராவி நிஜம், துடுப்புச் சக்கரம் நிஜம், வழி மட்டும் முன்பே போட்டு வைத்தது. மருமகள் பேத்தியைக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். குழந்தை தீவில் நின்றவர்களுக்கெல்லாம் கையை ஆட்டி ஆட்டி, கடைசியில் தொப்பியைத் தண்ணீரில் விட்டுவிட்டது.

பொதுப்பணித் துறையில் ஆயுள் முழுவதும் வரைபடம் போட்டவன் என்பதால், அந்த இடத்தை நான் வேடிக்கை பார்ப்பவனாக மட்டும் பார்க்கவில்லை. 189 அடி உயரக் கோட்டையில் ஒரு செங்கல்கூட இல்லை, உள்ளே இரும்பும் கான்கிரீட்டும், வெளியே கண்ணாடியிழை. மேலே போகப் போகக் கல்லின் அளவையும் சன்னலின் அளவையும் குறைத்துக்கொண்டே போய், இருப்பதைவிட உயரமாகக் காட்டுகிறார்கள். ஃபுளோரிடாவில் நிலத்தடி நீர் மேலேயே கிடப்பதால் சுரங்கம் தோண்ட வழியில்லை. எனவே சுரங்கப் பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, ஏரி வெட்டிய மண்ணை அணைத்து, அதன் மேல் பூங்காவை அமைத்தார்கள்; நாம் தரை என்று நினைத்து நடந்தது இரண்டாவது தளம் என்று நீ விளக்கினாயே, அதை நான் இங்கே சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் உன் மகன் அங்கே இன்ஜினியரா என்று கேட்டார்கள். இல்லை, கம்ப்யூட்டர் வேலை, ஆனால் எதையும் கூர்ந்து பார்க்கிறவன் என்று சொன்னேன்.

கூர்ந்து பார்க்கிறவன் இரவில் தூக்கத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நீ படங்களை அனுப்பிய நேரம் அங்கே விடியற்காலை மூன்று மணி. இரவில் தனியாக வண்டி ஓட்டாதே.

மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1971 அக்டோபரில் திறந்த பூங்கா திறந்தபடியே இருந்தால் அது அருங்காட்சியகமாகிவிடும். தண்ணீர்ச் சறுக்கு மலையை 2023இல் மூடி, 2024இல் வேறு கதையோடு திறந்தபோது நீ மிகவும் கொதித்தாய். 1946இல் வந்த ஒரு படத்தின் கதையை வைத்து அதைக் கட்டியிருந்தார்கள். அந்தப் படம் கறுப்பின மக்களைக் காட்டிய விதத்தை அந்த நிறுவனமே வெளியில் காட்டக் கூசும்போது, சவாரியில் மட்டும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று மருமகள் தொலைபேசியில் கேட்டாள். அன்றும் நான் அவள் பக்கம்தான், இன்றும் அவள் பக்கம்தான். சறுக்குப் பாதை அப்படியே இருக்கிறது, விழும் உயரம் அப்படியே இருக்கிறது, கதைதான் மாறியது. நல்ல கட்டடத்துக்கு அவ்வளவு தாங்கும். உங்கள் இருவருக்கும் வாக்குவாதம் என்றால் அந்த அளவில்தான் இருக்கும் என்று நானும் அம்மையும் அப்போது சிரித்துக்கொண்டோம்.

அதே பூங்காவில் 1998இல் மூடிய, குழந்தைக் கதையில் வரும் தேரையாரின் மோட்டார் சவாரியைப் பற்றியும் நீதான் சொன்னாய். அந்த இடத்தில் வந்த கரடிக்குட்டி சவாரியின் உள்ளே, ஒரு சுவரில், பழைய தேரையார் புதிய குடியான, கரடிக்குட்டி கதையில் வரும் ஆந்தையிடம் பத்திரத்தை ஒப்படைப்பது போல ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். இடத்தை விட்டுப் போகிறவனுக்கு அந்த மரியாதை போதும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் சொத்து கைமாறும்போது அது கூடக் கிடைப்பதில்லை.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் வந்ததும் இங்கே பலர் முகம் சுளித்தார்கள். கடலின் அழகு கெட்டுவிட்டது என்றார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30இல் திறந்தார்கள். முன்பெல்லாம் நீர்மட்டம் குறைந்தால் படகு பாறையோடு திரும்பிவிடும், சிலையடிக்குப் போகாது. நீ சிறுவனாக இருந்தபோது அதற்காக அழுதிருக்கிறாய். இப்போது உன் அம்மை முழங்கால் வலியோடு நடந்து போய் வள்ளுவரின் காலடியைத் தொட்டுவிட்டு வந்தாள். பாறையையும் தொடவில்லை, சிலையையும் தொடவில்லை, இடையில் ஒன்றைச் சேர்த்தார்கள். ஆற்றை மண்ணிட்டு நிரப்புவது அப்படியல்ல. நாளைக்கு வேண்டுமென்றாலும் அந்தப் படகை எங்கே விடுவார்கள்?

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டிலேயே அறிவித்தார்கள். 2025 ஜூலை 6 கடைசி நாள் என்று தேதியும் சொன்னார்கள். ஆசையுள்ளவர்கள் கடைசியாக ஒரு முறை ஏறிப் பார்க்க முடிந்தது. பிரியப்பட்டவர்களுக்குச் சொல்லிவிட்டு மூடினார்கள். வேலி போட்ட பிறகு, தூரத்திலிருந்து வந்தவன் வேலியைப் பார்த்துத் தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடவில்லை.

நீ அனுப்பிய படங்களை அம்மை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேலி, பலகை, தண்ணீர் வடிந்த படுகை, அப்பால் கோட்டை. எல்லாம் நேர்த்தியாக எடுத்திருக்கிறாய். முன்பு நீ அனுப்பும் படங்களில் கோட்டை பாதி மறைந்திருக்கும், முன்னால் பேத்தி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இந்த முறை ஒருவரையும் காணோமே, குழந்தைதான் படம் எடுத்தாளோ என்று அம்மை கேட்டாள். இருக்கலாம் என்று சொல்லி வைத்தேன். படத்தில் கண்மட்டக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்தவன் நான். அது ஆறடி ஆள் நின்ற உயரத்தில் ஓடுகிறது, மக்களே. எல்லாப் படத்திலும்.

அந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் எல்லோரும் தூங்கி வழிந்த அந்தச் சுழல் அரங்கம்தான். 1964இல் நியூயார்க் கண்காட்சிக்காகச் செய்ததாம். கலிபோர்னியா போய், 1975இல் ஃபுளோரிடாவுக்கு வந்தது. மேடை அசையாது, பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் வட்டம்தான் நகர்ந்து அடுத்த மேடைக்குப் போகும். விளக்கு மாறுகிறது, அடுப்பு மாறுகிறது, வானொலி போய்த் தொலைக்காட்சி வருகிறது, கடைசிக் காட்சியைச் சில முறை மாற்றியும் கட்டியிருக்கிறார்கள். தகப்பன், தாய், பிள்ளைகள் மட்டும் எல்லா மேடையிலும் அவர்களேதான். அமைப்பு என்றால் அது அமைப்பு. பேத்தி மருமகளின் மடியில் தூங்கிப்போனாள், நீ அவள் காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாய்.

வேளைக்குச் சாப்பிடு. இரவில் வண்டி ஓட்டாதே என்று மறுபடியும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மையிடம் பேசு. நீ பேசாத ஞாயிறுகளில் அவள் மருமகளுக்குக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் இதுவரை கூப்பிடவில்லை. உன்னிடம் கேட்காமல் கூப்பிடுவது முறையல்ல என்று இருக்கிறேன்.

தை மாதக் கல்யாணத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டி சொல்ல வேண்டும். பெரிய வண்டியா, சிறிய வண்டியா என்று கேட்கிறான். எதுவானாலும் சொல்லிவிடு, நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா