ஈரல் கொழுப்பு மாத்திரை: அளவை மறைத்து விற்பது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் ஈரல் மூலிகை மாத்திரையைக் களியக்காவிளை மெடிக்கல் ஷாப்பில் என் கணவருக்காக வாங்கினேன். அவர் ரப்பர் பால் வெட்டுபவர். குடிப்பழக்கம் கிடையாது, சர்க்கரை உண்டு. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, கிரேடு இரண்டு என்று வந்தது. எடையைக் குறைக்கணும், சோறும் மரச்சீனிக் கிழங்கும் குறையணும் என்றார் மார்த்தாண்டத்து டாக்டர். உங்கள் விளம்பரமோ, “கொழுப்பைக் கரைக்கும், இயற்கையானது, பக்கவிளைவே இல்லை” என்றது. நம்பி வாங்கினோம்.

சில வாரங்களில் அவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, சிறுநீர் மஞ்சளாகப் போனது. ரத்தப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்சைம் முன்பைவிட மிக அதிகம். டாக்டர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். அதில் மஞ்சள், மிளகு, கொடம்புளி, கிரீன் டீ, சீந்தில் சாரம், எல்லாம் சேர்த்து 750 மில்லிகிராம் என்று மட்டும் இருந்தது. எது எவ்வளவு என்று இல்லாததால் அவராலும் ஒன்றும் கணிக்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னார், நிறுத்தியபின் எண்கள் இறங்கின. உங்கள் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் தேட வழியில்லாமல் செய்தது உங்கள் லேபிள்.

போனில் கேட்டபோது, “நம்ம சமையலில் உள்ள பொருள்தானே அம்மா” என்றார் உங்கள் ஊழியர். மீன் குழம்பில் போடும் கொடம்புளியும், அதன் அமிலத்தைப் பிரித்தெடுத்துத் தினமும் விழுங்குவதும் ஒன்றா? அந்தச் சாரத்தால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. சீந்திலுக்கும் கொரோனா காலத்தில் மும்பை டாக்டர்கள் அதையே எழுதினார்கள். கிரீன் டீ சாரத்தின் முக்கியப் பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரல் என்சைம் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல் சொன்னது. மிளகிலுள்ள பைபரின், மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் உடம்பில் சேர்வதை 20 மடங்கு கூட்டுவதாகப் பெங்களூர் ஆய்வு 1998லேயே காட்டியது. அப்படியானால் மிளகின் அளவைச் சொல்லாமல் மஞ்சளை எப்படிக் கணக்கிடுவது? இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததும், ஈரல், பித்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என 2019ல் அந்த அரசு உத்தரவிட்டது. நீங்கள் ஈரல் நோயாளிகளுக்கே விற்கிறீர்கள்.

இதையெல்லாம் நர்சிங் படிக்கும் என் மகள் தேடி எடுத்தாள். குர்குமினும், மில்க் திஸில் என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமரினும் சிறு ஆய்வுகளில் ஈரல் எண்களைக் கொஞ்சம் இறக்கியிருக்கின்றன என்பதையும் அவளே சொன்னாள். அது நல்ல செய்திதான், ஆராயட்டும். ஆனால் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைவதற்கு இருக்கும் உறுதியான ஆதாரம் அவற்றுக்கு இன்னும் இல்லை. உங்கள் டப்பாவின் அடியிலும் பொடி எழுத்தில் “மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல” என்றுதான் இருக்கிறது. அப்புறம் விளம்பரத்தில் எப்படிக் கொழுப்பு கரையும்?

ஒவ்வொரு சாரத்தின் மில்லிகிராம் அளவையும் எனக்கு எழுத்தில் தர வேண்டும், இனி டப்பாவிலும் அச்சிட வேண்டும். “பக்கவிளைவு இல்லை” என்ற வாசகத்தை எடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915லும், நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். பில்லின் நகல், பேட்ச் எண், இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் இணைத்துள்ளேன். மீதி மாத்திரைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
களியக்காவிளை