அடுப்புக்கிட்ட புள்ளைங்களையும் உக்கார வைங்க – பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான அம்மா அப்பாமாருக்கும் வீட்டுல புள்ளைங்கள பாத்துக்கிற அம்மாயி, அப்பாயி, தாத்தாமாருக்கும் வணக்கம்.

வழமையா நான் அனுப்புற கடிதம்னா தவணைப் பரீட்சை, சீருடை, புலமைப்பரிசில் வகுப்பு இப்படித்தான் இருக்கும், இந்த தடவ சமையலைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் பொறுமையா வாசிங்க, வாசிக்க ஏலாதவங்களுக்கு புள்ளைங்களே வாசிச்சு காட்டட்டும்.

போன கிழமை தரம் 4ல நான் கணக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன், அந்த டீச்சர் லீவு. பதினொரு மணி போல நல்லா மழை புடிச்சிச்சு, தகரத்துல அடிக்கிற சத்தத்துல என் குரலே எனக்கு கேக்கல, திரும்பிப் பாத்தா நாலு புள்ளைங்க புத்தகத்தையெல்லாம் பேக்குல போட்டு தோள்ல மாட்டிக்கிட்டு எழும்பி நிக்குதுங்க, கண்ணு முழுக்க ஜன்னலுக்கு வெளிய தெரியுற மலையிலதான். யாரும் அழல, ஒன்னும் கேக்கல, ஓட ரெடியா நிக்குதுங்க அவ்வளவுதான். ஒம்பது வயசுப் புள்ளைங்க.

2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்ப பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை பக்கம் எத்தனை மண்சரிவு, நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கு முன்ன 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து மண்சரிவு. அத நம்ம புள்ளைங்க கண்ணால பாக்கல, ஆனா ஃபோன்ல பாத்துருச்சுங்க, பழைய வீடியோவ இன்னிக்கு நடந்த மாதிரி போடுறாங்க, அது ராத்திரி பத்து மணிக்கு போர்வைக்குள்ள ஓடுது. இன்னொரு பையன், அம்மா கத்தார்ல வீட்டு வேலை, 2025 ஜூன்ல அங்க உள்ள அமெரிக்க விமானத்தளத்துக்கு ஈரான் ஏவுகணை விட்டுச்சுன்னு நியூஸ் வந்தப்ப ரெண்டு நாள் அந்தப் புள்ள ஸ்கூல்ல வாயே தொறக்கல. நம்ம தேயிலைத் தோட்டங்கள்ல எத்தனை வீட்டுல அம்மா வெளிநாட்டுலன்னு உங்களுக்கே தெரியும், அந்த வீட்டுக்கெல்லாம் உலக நியூஸ்னா அது அம்மாவப் பத்தின நியூஸ்.

சரி, அன்னிக்கு வகுப்புல என்ன செய்யிறதுன்னு எனக்கும் விளங்கல. பயப்படாதீங்கன்னு சொன்னா பயம் போகுமா, போகாது. வாய்க்கு வந்தத கேட்டேன், நேத்து ராத்திரி யார் யார் வீட்டுல என்ன சாப்பாடுன்னு. முதல்ல ஒருத்தரும் பேசல, பொறகு ஒரு புள்ள மெதுவா ரொட்டியும் கட்டசம்பலும் சேர்னு சொல்லுச்சு, உடனே இன்னொன்னு எங்க வீட்டுலயும்தான் ஆனா எங்க அம்மாயி ரொட்டிக்கு வெங்காயமும் பச்சமொளகாயும் வெட்டிப் போடும்னுச்சு, அவ்வளவுதான், சோறும் கருவாட்டுக் குழம்பும், ஈரப்பலாக்கா கறி, கோவாக் கீரை, வல்லாரைச் சம்பல்னு வகுப்பே கத்துது, ரொட்டி வட்டமா வரணும்னா மாவ எவ்வளவு நேரம் ஊற விடணும்னு ரெண்டு பையங்க சண்டையே போட்டுக்கிட்டானுங்க. பேக்க மாட்டிக்கிட்டு நின்ன நாலும் எப்ப உக்காந்துச்சுன்னு நான் பாக்கல. மழை விடவே இல்ல.

அன்னிக்கு சாயந்தரம் வீட்டுக்கு நடந்து போறப்ப எங்க அம்மா ஞாபகம்தான். அம்மா கொழுந்து எடுத்துட்டு நனஞ்சு வந்து, இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில, போட்டுட்டு நேரா அடுப்படிக்குத்தான் போவாங்க, ஈர வெறகு, ஒரே புகை, நாங்க அஞ்சு பேரும் அந்த அடுப்பச் சுத்திதான் உக்காந்திருப்போம். ஒருத்தருக்கு தேங்காய் துருவுற வேலை, ஒருத்தருக்கு வெங்காயம் உரிக்கிறது, எனக்கு அம்மி. காஞ்ச மொளகாயும் உப்பும் முதல்ல, அது நல்லா மசிஞ்ச பொறகுதான் சின்ன வெங்காயம், கடைசியா தேசிக்கா புளி, இந்த வரிசைய மாத்தினா அம்மாவுக்கு கோவம் வரும். முதல் ரொட்டி கல்லுல இருந்து எடுத்த உடனே நாலா பிச்சு சின்னதுங்க கையில. 1973, 74 பஞ்சத்தப் பத்தி அம்மா கதை கதையா சொல்வாங்க, கூப்பன் மாவும் இல்லாம கீரையும் கிழங்கும் தேடிப் போனது, லயத்துல ஆளுங்க பசியில செத்தது எல்லாம். அந்த கதைய நாங்க அடுப்புக்கிட்ட உக்காந்துதான் கேட்டோம், கையில சூடா ரொட்டி இருந்துச்சு, அம்மா தோள் பக்கத்துல இருந்துச்சு, அதனால பயமா இல்ல. இன்னிக்கு நம்ம புள்ளைங்க கெட்ட செய்திய தனியா இருட்டுல கேக்குதுங்க, எனக்கு கவலை அதுதான்.

நியூஸ் பாக்கவே வேணாம்னு நான் சொல்லல, மழை நாள்ல மண்சரிவு எச்சரிக்கை வந்தா கட்டாயம் கேக்கணும், சிவப்பு எச்சரிக்கைன்னா சட்டி பானைய அப்படியே விட்டுட்டு எறங்கிரணும், 117க்கு எடுத்தா அனர்த்த முகாமைத்துவ நிலையத்துல பேசலாம். அது பெரியவங்க பொறுப்பு. நான் கேக்குறது, ராத்திரி சமைக்கிற அந்த ஒரு மணித்தியாலம் டீவியையும் ஃபோனையும் நிப்பாட்டிட்டு புள்ளைய பக்கத்துல வச்சிக்கோங்க. பையனையும்தான், பொம்பளப் புள்ளைய மட்டும் கூப்புடாதீங்க. மலையில எட்டு மணித்தியாலம் நின்னுட்டு வர்ற உங்க களைப்பு தெரியாம எழுதல, புதுசா ஒன்னும் சமைக்க வேணாம், வழமையா ஆக்குறதுதான், பருப்பு கழுவ குடுங்க, கறிவேப்பில உருவ சொல்லுங்க. அப்ப அதுங்களே கேக்கும், ஏன் மாவு வெல கூடிச்சுன்னு. நம்ம நாட்டுல கோதுமை வெளையுறது இல்ல, எல்லாம் கப்பல்ல வர்றது, 2022ல உக்ரைன்ல சண்டை தொடங்கி உலகத்துல கோதுமை வெல ஏறுச்சு, இங்க டொலரும் இல்ல, அதான்னு சொன்னா விளங்கிக்கும். மைசூர் பருப்பும் கடல் தாண்டித்தான் வருது. அதே 2022ல கேஸ் இல்லாம டவுன்ல ஆளுங்க வரிசையில நின்னப்ப நம்ம வெறகடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, அதையும் சொல்லுங்க.

அம்மா வெளிநாட்டுல இருக்கிற வீடுகளுக்கு இன்னொன்னு. நான் சொன்ன அந்த கத்தார் பையனோட அம்மாயி இப்ப ஞாயித்துக்கிழமைல வீடியோ கோல் எடுத்து ஃபோன மொளகாத்தூள் போத்தல்ல சாத்தி வச்சிட்டுத்தான் சமைக்கிறாங்களாம், அங்க இருந்து அம்மா உப்பு போதுமா தண்ணி கூடிருச்சான்னு சொல்ல சொல்ல இவன் கிண்டுறானாம். ஏலுமான வீடுகள்ல செஞ்சு பாருங்க.

சாப்பாட்டுப் பெட்டி விஷயமும் ஒன்னு இருக்கு. சில புள்ளைங்க ரொட்டி கொண்டுவந்தா மத்தவங்க முன்னால மூடியத் தொறக்க வெக்கப்பட்டு தண்ணி டாங்கிக்குப் பின்னால போய் திங்குதுங்க, அத பாக்க மனசு தாங்கல. தயவு செஞ்சு கடையில பிஸ்கட் வாங்கிக் குடுத்து அத சரிபண்ண நினைக்காதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு தரம் 4, 5 புள்ளைங்க எல்லாரும் அவங்க கைபட்ட சாப்பாடு கொஞ்சம் கொண்டு வரட்டும், ரொட்டி, அவிச்ச மரவள்ளிக் கிழங்கு, சம்பல், எது வேணும்னாலும், வெறும் சம்பல்னாலும் சரி. நானும் ரொட்டி கொண்டு வாறேன், டீச்சர்மாரும் கொண்டு வருவாங்க, பாய் விரிச்சு எல்லாரும் ஒன்னா உக்காந்து பங்கு போட்டு சாப்பிடுவோம். தேத்தண்ணி ஸ்கூல்ல ஊத்துவோம், கோப்ப மட்டும் குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
அதிபர்