பஸ் சீட்டும் கபடிக் கோடும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இரண்டு வாரமாக உங்கள் வாசகர் பகுதியில் திருநங்கைகளைப் பற்றி நடக்கும் சண்டையைப் படித்துக்கொண்டு வருகிறேன். ஆற்காட்டிலிருந்து எழுதிய அன்பர் பெண்கள் கழிப்பறை, பெண்கள் சீட், பெண்கள் விளையாட்டு என்று ஒரே மூச்சில் சொல்லி, எதிலும் அவர்களை விடக்கூடாது என்கிறார். அவருக்குப் பதில் எழுதிய காட்பாடி கல்லூரி மாணவரோ எல்லாவற்றிலும் விட்டே ஆகவேண்டும், கேள்வி கேட்டாலே வெறுப்பு என்கிறார். எனக்கு இருவர் மேலும் கோபம். நான் 31 வருஷம் பெண் பிள்ளைகளுக்குக் கபடியும் ஓட்டமும் சொல்லிக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியை, ஓய்வு பெற்று சத்துவாச்சாரியில் இருக்கிறேன். விசில் ஊதிப் பழகிய வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

முதலில் பஸ்ஸை முடித்துவிடுகிறேன், அது சுலபம். 2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, அதே வருஷமே திருநங்கைகளுக்கும் கொடுத்தார்கள். போன மாதம் காட்பாடியில் பாகாயம் பஸ் ஏறினேன். என் பின்னாலேயே ஒரு திருநங்கை ஏறினார், கையில் பெரிய கட்டப்பை, அதிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் சீட்டில் ஓர் இடம்தான் காலி. ஜன்னலோரம் இருந்த அம்மா தன் பையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, ஏதோ ஆகப்போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். பாலாற்றுப் பாலம் வருவதற்குள் அந்த அம்மா, "இன்னா விலை போட்டான் காய்?" என்று கேட்டு, அவர் விலையைச் சொல்லி, "உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்று இவர் சொல்லி, அப்புறம் இறங்குகிற வரைக்கும் எனக்கு அவர்கள் பேச்சைக் கேட்கிற வேலைதான்.

பஸ்ஸில் பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார் ஆற்காட்டு அன்பர். நிச்சயமாக வேண்டும். பிள்ளைகளை மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவள் நான். என் பிள்ளைகளை இடித்தவன், உரசியவன், தூங்குகிற மாதிரி தோளில் சாய்ந்தவன் எல்லாரும் பேன்ட் சட்டை போட்டு மீசை வைத்த ஆள்கள்தான். அவனுக்குச் சேலை கட்டிக்கொண்டு வரவேண்டிய தேவையே இல்லை, தாராளமாக அப்படியே வருகிறான். இந்த வேலூர் மாநகராட்சியின் 37வது வார்டில் 2022ல் கங்கா என்ற திருநங்கையைக் கவுன்சிலராக்கி அனுப்பினோம். தண்ணீர் வரவில்லை என்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் மட்டும் உட்காரக்கூடாது என்றால் எப்படி?

கழிப்பறைக்கு வருகிறேன். நம் பக்கத்து பஸ் நிலையம் ஒன்றில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது, பெண்கள் பக்கத்தில் நான்கு கதவு, இரண்டில் தாழ்ப்பாள் கிடையாது. என் பிள்ளைகள் உள்ளே போனால் நான் வெளியே நின்று குடைக் கம்பியால் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அதே நிலையத்தில் ஒரு திருநங்கை என்னிடமே, "ஆம்பளைங்க பக்கம் போனா அசிங்கமா பேசறாங்க, பொம்பளைங்க பக்கம் போனா காசு வாங்கறவன் விரட்டறான், நான் காலையில வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கறதை நிறுத்திடுவேன் டீச்சர்" என்று சொன்னார். 2020ல் மத்திய அரசு போட்ட திருநர் பாதுகாப்பு விதிகளில், ஆஸ்பத்திரி வார்டும் கழிப்பறையும் அவர்கள் விருப்பப்படி ஆண், பெண், தனி என்று தேர்ந்தெடுக்கிற வசதியை இரண்டு வருஷத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு வருஷம் 2022லேயே முடிந்துவிட்டது. நாம் இன்னும் தாழ்ப்பாளுக்கே வழியில்லாமல் நிற்கிறோம். தாழ்ப்பாளும் ஒரு பல்பும் போட்டால் இந்தச் சண்டையில் முக்கால்வாசி ஓய்ந்துவிடும் என்பது என் கணக்கு. ஜெயில் மாதிரி இடம் வேறு விஷயம். தொரப்பாடியில் பெண்கள் சிறை இருக்கிற ஊர்க்காரி என்பதால் சொல்கிறேன், அங்கே யார் எந்தக் குற்றத்துக்கு வந்தார் என்று ஆளாளுக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லண்டன் தீர்ப்பை ஒருவர் எடுத்துப் போட்டிருந்தார். 2025 ஏப்ரல் 16ஆம் தேதி பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் சொன்னது, அவர்களுடைய 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல்லுக்குப் பிறப்பால் பெண் என்றுதான் அர்த்தம் என்பது. நம் சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரல் 15ஆம் தேதியே, தன்னை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று எப்படி உணர்கிறாரோ அப்படிச் சொல்லிக்கொள்கிற உரிமை அவரவருக்கு உண்டு, அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டு வா என்று கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. (நம் மாநிலம் ஏப்ரல் 15ஐத் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுவது அதற்காக இல்லை, 2008ல் அதே தேதியில் நலவாரியம் அமைத்தார்கள். தேதிகள் இப்படி வந்து உட்கார்ந்துகொள்கின்றன.) 2019ல் ஐகோர்ட் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்றது. லண்டன் மழைக்கு வேலூரில் குடை பிடிக்க வேண்டாம், அதுவும் இந்த வெயிலில்.

இதுவரை படித்துவிட்டு காட்பாடித் தம்பி சந்தோஷப்பட்டிருப்பார். இனிமேல்தான் அவரோடு சண்டை.

எங்கள் சத்துவாச்சாரி பளு தூக்குகிற ஊர். சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார், இந்த ஊர்ப் பையன். அந்த '77 கிலோ' எதற்கு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 62 கிலோக்காரரையும் 105 கிலோக்காரரையும் ஒரே மேடையில் ஏற்றினால் சின்னவர் எவ்வளவு உழைத்தாலும் நடக்காது, அதனால் பிரித்து வைத்தார்கள். ஒரே எடை உள்ள ஆணும் பெண்ணும் தூக்கினால் அங்கேயும் ஆண்தான் கூடுதலாகத் தூக்குவார். பெண்கள் பிரிவு என்பதும் அப்படிப் பிரித்து வைத்த ஒன்றுதான். 800 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி, பெண்களுடையது 1 நிமிடம் 53.28 விநாடி. பெண்கள் சாதனை 1983லிருந்து அப்படியே இருக்கிறது. இடைவெளி பத்து சதவீதத்துக்கு மேலே. பருவ வயதில் ஆண் ஹார்மோன் சுரந்து எலும்பை நீட்டி, தோளை அகலமாக்கி, இதயத்தையும் நுரையீரலையும் பெரிதாக்கியதால் வந்த இடைவெளி அது. பயிற்சியால் ஒரு பெண் அதை அடைத்துவிட முடியாது.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடாதா என்று தம்பி கேட்கிறார். பாதி சரியாகிறது. ஹீமோகுளோபின் சில மாதத்திலேயே பெண்கள் அளவுக்கு இறங்கிவிடும். தசை மெதுவாகக் கரையும். உயரமும் எலும்பும் எங்கும் போகாது. அமெரிக்க விமானப்படையில் இருந்த திருநங்கைகளை வைத்து 2020 கடைசியில் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருஷ சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எடுப்பதில் மற்ற பெண்களுக்குச் சமமாகிவிட்டார்கள், ஓட்டத்தில் மட்டும் இன்னமும் 12 சதவீதம் வேகம். அவர்கள் சிப்பாய்கள், பதக்கத்துக்குப் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வந்து ஜெயித்துவிடுகிறார்கள் என்பதும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்குதலில் நியூசிலாந்தின் திருநங்கை லாரல் ஹப்பார்ட் மூன்று முறை தூக்கி மூன்றும் செல்லாமல் திரும்பினார். இருந்தாலும் ஆண் பருவத்தைத் தாண்டி வந்தவர்களுக்குப் பெண்கள் பிரிவு கிடையாது என்று 2022ல் நீச்சல்காரர்களும், 2023 மார்ச்சில் உலகத் தடகளமும், அதே வருஷம் நவம்பரில் கிரிக்கெட்டும் முடிவெடுத்ததை, பெரியவர்கள் ஆடும் சர்வதேசப் போட்டிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். தேசியப் போட்டிக்கும்தான். கபடியில் ரைடு வருபவரின் கணுக்காலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கால் எலும்பின் கனம் என்னவென்று. 2023 ஆகஸ்டில் செஸ் சம்மேளனமும் பெண்கள் போட்டியில் திருநங்கைகளை நிறுத்திவைத்தது, அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. குதிரையை நகர்த்த எவ்வளவு தசை வேண்டும்?

ஆனால் ஐயா, இதையெல்லாம் நம் மண்டலப் போட்டிக்கும், பொங்கல் விளையாட்டுக்கும் கொண்டுவந்து இறக்காதீர்கள். 31 வருஷத்தில் ஒரு பையன் பெண் வேஷம் போட்டு என் மைதானத்துக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. நான் பார்த்த மோசடி எல்லாம் வயது மோசடி. 14 வயதுக்குட்பட்டோர் அணியில் நிற்கிற பிள்ளைக்கு ரேஷன் கார்டில் 17 இருக்கும், கையில் புத்தம்புது பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அதைப் பற்றி ஒரு கடிதமும் வருவதில்லை. திருநங்கைப் பிள்ளைகளோ மைதானம் வரைக்கும் வருவதே இல்லை, ஒன்பதாம் வகுப்பு தாண்டுவதற்குள் கேலி தாங்காமல் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் ஆண், பெண் இல்லாமல் 'இதர' என்று பதிவானவர்கள் 22,364 பேர். அவர்களுக்குத் தனிப் போட்டி வைக்கலாமே என்று சுலபமாகச் சொல்கிறோம். மாவட்ட அளவில் நூறு மீட்டர் வைத்தால் கோட்டில் எத்தனை பேர் நிற்பார்கள்?

ஏன் இவ்வளவு வேகமாகப் பேசுகிறேன் என்றால் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டலப் போட்டி, இறுதி ஆட்டம். என் அணியில் ஒரு பிள்ளை, நல்ல உயரம், கட்டைக்குரல், வீட்டில் பேன் என்று சொல்லி முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். முதல் பாதியில் ஏழு முறை ரைடு போய் ஆறு முறை புள்ளியோடு வந்தாள். இடைவேளையில் எதிரணி மேனேஜர் வந்து, "இது பொண்ணா பையனா, செக் பண்ணாம ஆட மாட்டோம்" என்று உட்கார்ந்துவிட்டார். நடத்துகிறவர்கள் என்னைக் கூப்பிட்டு, "நீங்க லேடி டீச்சர்தானே, ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்கள். நான் கூட்டிக்கொண்டு போனேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விளையாட்டுச் சாமான் வைக்கிற அறை, ஹை ஜம்ப் மெத்தை சாய்த்து வைத்திருந்தது. அவள் அந்த மெத்தையில் முதுகை ஒட்டிக்கொண்டு, பனியனில் குத்திய நம்பர் துணியின் ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். நான் "வேணாம்மா, குத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, எதையும் பார்க்காமல் வெளியே வந்து பெண்தான் என்று சொன்னேன். இரண்டாவது பாதியில் அவள் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. தோற்றோம். அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிக்கும் வரவில்லை.

ஓட்டக்காரி சாந்தி சௌந்தரராஜனுக்கு நடந்ததும் இதே மாதிரிதான், உலகம் முழுக்கப் பார்க்க நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிப் பெண், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவரும் கொஞ்ச காலம் சூளையில் வேலை பார்க்க வேண்டி வந்தது. அவர் திருநங்கை இல்லை, பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர், உடம்பின் ஹார்மோன் அமைப்பு வேறு மாதிரி, அவ்வளவுதான். பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அல்ஜீரியாவின் இமான் கெலிஃபைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து பாஸ்போர்ட் வரை பெண் என்று பதிவானவர், 'திருநங்கை பெண்ணை அடிக்கிறார்' என்று எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். உங்கள் வாசகர் கடிதம் ஒன்றிலும் சாந்தியைத் திருநங்கை என்று அச்சடித்திருக்கிறீர்கள். திருத்தம் போடுங்கள்.

2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய். மரபணுப் பரிசோதனை (ஆண்களின் ஒய் குரோமோசோமில் இருக்கிற மரபணு இவரிடம் இருக்கிறதா என்று பார்ப்பது) ஒரு முறை செய்துகொள்ள வேண்டும், கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுப்பார்கள் அல்லது ரத்தம் எடுப்பார்கள். உலகப் போட்டியில் ஓடுகிறவர்களுக்குக் கூடவே டாக்டர் இருப்பார், வக்கீல் இருப்பார். அணைக்கட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு அந்தக் காகிதத்தை யார் படித்துச் சொல்வது, யாரிடம் சொல்வது, அவள் அப்பாவிடமா, தலைமையாசிரியரிடமா, மைக்கிலா? மேலே விதி போடுகிறவர்கள் போடட்டும். கீழே எதிரணி புகார் சொன்னது என்பதற்காக ஒரு பிள்ளையை அறைக்குள் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும், மாவட்ட விளையாட்டு அலுவலரும் கல்வித் துறையும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். பெண்கள் விளையாட்டைக் காப்பாற்றப் புறப்பட்ட ஆற்காட்டு அன்பரும் இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினால் சந்தோஷப்படுவேன்.

அந்தப் பிள்ளையைப் போன வாரம் ராணிப்பேட்டை பஸ்ஸில் பார்த்தேன். ஷூ கம்பெனியில் தையல் வேலை. மகள் ஆறாம் வகுப்பு, அம்மா மாதிரியே உயரமாம், கபடியில் பேர் கொடுக்கட்டுமா என்று கேட்கிறாளாம். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கல்லாம் இப்பவும் செக் பண்றாங்களா டீச்சர்?" என்றாள். வரும் மண்டலப் போட்டிக்கு நானும் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.