சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்ட முறுக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு தங்கச்சிமடம். 2007 மாடல் மாருதி கார்கோ ஆம்னி வேன் ஒண்ணு வச்சு பாம்பன்லேர்ந்து ராமநாதபுரத்துக்கு மீன் பெட்டி ஏத்துறேன். ரோடு சரியில்லன்னு உங்க பேப்பருக்கு நெறைய பேர் எழுதுறாங்க, நல்லதுதான், ஆனா அந்தக் குழியோட அடிய பூரா வாங்கிக்கிட்டு வண்டிக்கு அடியில கெடக்குற புஷ்ஷ, அதாவது இரும்பு வளையத்துக்குள்ள ரப்பர் வச்ச சாமான, பத்தி ஒருத்தரும் எழுதுன மாதிரி தெரியல. பழைய வண்டி வச்சு பொழைக்கிறவங்க இந்தக் கரையில நிறைய இருக்கோம், அதனால தயவுசெஞ்சு இத போடுங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி பாம்பன் ரோட்டுப் பாலத்துல போறப்ப ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் முன்பக்கம் இடது சைடுல டொக்கு டொக்குன்னு சத்தம். பிரேக் மிதிச்சா வண்டி இடது பக்கமா இழுக்கும். டயரப் பாத்தா உள்பக்க ஓரம் மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் கடல், சைடுல காத்து தள்ளுது, எதுக்க பஸ் வருது, அந்த நேரத்துல ஸ்டியரிங் நம்ம பேச்ச கேக்கலன்னா வயித்த கலக்கிரும்.

பட்டறைல விட்டேன், லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்த பாடியோட சேத்து வைக்கிற கீழ் கம்பி, அதோட புஷ் போச்சுன்னு மாத்துனாங்க. ஆறு மாசத்துல அதே சத்தம். மறுபடி மாத்துனேன், அது அஞ்சு மாசம் கூட ஓடல. கேட்டா உப்புக்காத்துண்ணே இங்கன எதுவும் தாங்காதுன்னாங்க, நானும் சரின்னு நம்பி காச குடுத்துட்டு வந்துட்டேன்.

போன வருஷம் மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நமக்கும் ஓட்டம் இல்ல, அப்ப ஒரு வயசான மெக்கானிக் பாய் கிட்ட வண்டிய விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்தேன். அவரு கழட்டுன புஷ்ஷ என் கைல குடுத்து, நல்லா பாருப்பான்னாரு. வெளி இரும்புல லேசா துரு, அம்புட்டுதான். ரப்பர் புதுசு மாதிரி கருப்பா மெத்துனு இருக்கு, ஆனா நடு குழாய ஒட்டி ஒரே பக்கம் பிறை மாதிரி கிழிஞ்சிருக்கு. உப்பு இரும்பத்தானப்பா மொதல்ல திங்கும், இது முறுக்குல கிழிஞ்சதுன்னாரு.

அப்பறம்தான் வெவரம் சொன்னாரு. இந்த புஷ்ல வெளியில ஒரு இரும்பு வளையம், நடுவுல ஒரு குழாய், ரெண்டுக்கும் இடையில ரப்பர ஒட்டி வச்சிருப்பாங்க. போல்ட்ட டைட் பண்ணா நடு குழாய் பாடியோட புடிச்சுக்கும், சுத்தாது. ஆர்ம் மேலயும் கீழயும் ஆடுறப்ப ரப்பர்தான் முறுங்கிக் குடுக்கும். ஜாக்கில தூக்கி சக்கரம் தொங்குறப்பவே போல்ட்ட முழுசா முறுக்கிட்டா, வண்டிய எறக்கி வெயிட்டு உக்காந்த ஒடனேயே ரப்பர் முறுங்குன நெலமைக்கு போயிரும், அதுக்கு மேல ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுங்கும். என் மணிக்கட்ட புடிச்சு லேசா திருகி, இப்படியே வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் வேலை பாப்பன்னு கேட்டாரு. எனக்கு வேற விளக்கமே தேவைப்படல.

கழட்டுறதுல நம்ம ஊர்ல உப்பு நெசமாவே படுத்துது, அத இல்லன்னு சொல்லல. போல்ட்டும் நடு குழாயும் துருவுல ஒண்ணாயிரும், ஸ்பேனர் போட்டா சுத்தும் ஆனா வெளிய வராது. முந்தி ரெண்டு வாட்டியும் கேஸ் வச்சு ரப்பர எரிச்சுத்தான் எடுத்தாங்க, அந்தக் கரும்புகை உடம்புக்கு விஷம், பெட்ரோல் வண்டி வேற, நெருப்பு பிடிச்சா என்ன ஆகும். பாய் முந்துன நாளு சாயங்காலமே துரு இளக்குற எண்ணெய அடிச்சு விட்டுட்டாரு. அப்படியும் வரல, ரெண்டு பக்கமும் ஹாக்ஸா பிளேடால போல்ட்டையே அறுத்து ஆர்ம கழட்டிட்டாரு. சம்மட்டில அடிக்கவே இல்ல, அடிச்சா ஆர்ம் வளைஞ்சிரும்னாரு. ஒரு பக்கம் பெரிய பைப் துண்டு, மறுபக்கம் புஷ்ஷோட வளையத்துக்கு சரியான வாசர், நடுவுல நீள போல்ட் போட்டு நட்ட முறுக்க முறுக்க பழசு தானா நவுந்து பைப்புக்குள்ள வந்துச்சு. ஆர்ம்ல இருக்குற ஓட்டைய எமரி பேப்பர் போட்டு தேச்சு, பழசு எந்த ஆழத்துல எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அதே மாதிரி புதுச, வெளி வளையத்த மட்டும் அழுத்தி ஏத்துனாரு. நான் கிரீஸ் தடவட்டுமான்னு கேட்டதுக்கு ஒரே சத்தம், ரப்பர்ல எண்ணெய் கிரீஸ் பட்டா ஊதிப் போயிரும், வழுக்கணும்னா சோப்புத் தண்ணி போதும்னு. புது போல்ட்டோட தண்டுல மட்டும் மெல்லிசா கிரீஸ், அடுத்த வாட்டி குழாயோட ஒட்டாம இருக்க.

அதுக்கப்பறம் நட்ட புடிச்சு மட்டும் வச்சாரு, முறுக்கல. சக்கரத்த மாட்டி, முன் சக்கரம் ரெண்டையும் கனமான பனஞ்சட்டத்து மேல ஏத்தி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு பின் சக்கரத்துக்கு கல்லு வச்சு, பம்பர நாலு தடவ அமுக்கி விட்டு, வண்டி தன் வெயிட்டுல உக்காந்த பெறகு அடியில படுத்து புக்குல சொன்ன அளவுக்கு டைட் பண்ணாரு. பின்னாடி பட்டை ஸ்பிரிங் புஷ்ஷுக்கும் இதே கதைதான். நம்ம மணல் தரையில ஜாக்கி சட்டுனு எறங்கிரும், பலகை போடாம, ஸ்டாண்டு வைக்காம வெறும் ஜாக்கிய நம்பி யாரும் அடியில போகாதீங்க. புஷ் மாத்துனா வீல் அலைன்மெண்டும், அதாவது சக்கரம் சரியான கோணத்துல நிக்குதான்னு, கட்டாயம் பாக்கணும், நான் ராமநாதபுரம் போய் பாத்துட்டு வந்தேன். ஒரு வருஷம் தாண்டியாச்சு, அதே ரோடு, அதே உப்பு, சத்தம் இல்ல.

பட்டறை அண்ணன்மாருக்கு என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணு, கடைசி முறுக்கு சக்கரம் தரையில இருக்கறப்ப போடுங்க, அதுக்கு அரை மணி கூட ஆகும், கூலிய சேத்து கேளுங்க, நாங்க குடுக்குறோம். வண்டிக்காரங்களும் அவசரப்படுத்தாம நின்னு பாருங்க. மாவட்டத்துல இருக்குற அரசு ஐடிஐகாரங்க வர்ற தடைக்காலத்துல மண்டபத்துலயோ பாம்பன்லயோ ஒரு நாள் இத செஞ்சு காட்டுனா டிரைவருங்க சும்மாதான் இருப்போம், கண்டிப்பா வருவோம். கழட்டுன அந்த கிழிஞ்ச புஷ் இன்னும் என் வண்டி டேஷ்போர்டுலதான் கெடக்கு, அன்னைக்கு எல்லாருக்கும் காட்ட கொண்டு வரேன்.

இப்படிக்கு,
ஆம்னி வண்டிக்காரன், தங்கச்சிமடம்